காரி நகரவில்லை

"அம்மா, வாசல்ல ஒருத்தி நாயோட வந்து நிக்கிறா. நாயை வெளியே விட்டுட்டு வான்னா கேக்க மாட்டேங்கிறா."

சொன்னவர் அறவாழி. மலையடிவாரத்துத் தத்துவப் பாடசாலையில் பதினான்கு வருஷமாகப் படிக்கிறவர். வாசல் பொறுப்பும் அவருடையதுதான்.

ஆசிரியை வேதவல்லி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நாய் எதுக்காம்?"

"கண் தெரியாதவளாம். அதுதான் வழி காட்டுமாம். பிராணிகளுக்கு இங்க இடமில்லைன்னு சொல்லிட்டேன்."

"அவளுக்கு?"

"அவளுக்கு இல்லாமலா?"

"அப்ப இன்னிக்கு நீயே வழி காட்டு."

பாடம் கேட்க வந்தவள் பெயர் செங்கமலம். முப்பது வயதிருக்கும். ஆசிரியை சொன்னதை அறவாழி அவளிடம் வந்து சொன்னார். அவள் நாயின் கழுத்தைத் தடவி, "இங்கயே இரு, காரி" என்றாள்.

கறுப்பு நாய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தது. யாரும் அதைக் கட்டவில்லை.

அறவாழி அவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். பாதி வழியில் தெரிந்தவர் ஒருவர் நலம் விசாரித்தார். அறவாழி திரும்பிப் பதில் சொன்னார். தென்னங்கன்று வைக்கத் தோண்டிய குழியை அவர் கால்கள் தாமாகவே சுற்றிக்கொண்டு போயின.

செங்கமலம் குழிக்குள் விழுந்தாள்.

முழங்காலில் ரத்தம். அறவாழி குழிக்குள் இறங்கி அவளைத் தூக்கிவிட்டார்.

"பரவாயில்லைங்க," என்றாள் அவள். "காரிக்கே இது பழக ஒன்றரை வருஷம் ஆச்சு."

மதியம் ஒரு மழை கொட்டி ஓய்ந்தது. சாயங்காலம் பாடம் முடிந்து அவர்கள் வாசலுக்கு வந்தபோது, காரி நனைந்தபடி அதே இடத்தில் இருந்தது. யாரோ வைத்த சோறு தொடாமல் கிடந்தது.

செங்கமலம் காரியின் வாரைப் பிடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினாள். மனசு கேட்காமல் அறவாழி கொஞ்சம் பின்னாலேயே போனார்.

குரங்குகள் மதில்மேல் கத்தின. காரி தலையைத் திருப்பவில்லை. தெருநாய் ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. காரி நடையை மாற்றவில்லை.

ஓடைப் பாலத்தருகே சட்டென்று அவளுக்குக் குறுக்கே நின்றது.

"போ, காரி."

நகரவில்லை.

"போன்னு சொல்றேன்ல." குரலில் கண்டிப்பு இருந்தது.

நகரவில்லை.

அவள் மெல்ல ஒரு காலை நீட்டித் துழாவினாள். காலுக்கடியில் ஒன்றுமில்லை. பாலத்தின் பாதியை மழைவெள்ளம் கொண்டுபோயிருந்தது.

ஓடி வந்த அறவாழி நாலடி தள்ளி நின்றுவிட்டார். அங்கே அவர் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

செங்கமலம் மண்டியிட்டு நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு இருவரும் மேட்டு வழியாகச் சுற்றிப் போனார்கள்.

அறவாழி திரும்பி வந்து நடந்ததை எல்லாம் ஆசிரியையிடம் சொன்னார்.

"பதினாலு வருஷமா மனசை ஒரு இடத்துல நிறுத்தப் பழகறேன் அம்மா. அந்த நாய் நின்ன மாதிரி ஒரு நாள்கூட எனக்கு நின்னதில்ல."

வேதவல்லி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆனா பிராணிகள் கூடாதுங்கிற விதி நீங்க எழுதினது. உங்க வார்த்தையை நான் எப்படி மீறுவேன்?"

"அவ ரெண்டு தரம் போன்னு சொன்னாளே, அறவாழி. அது ஏன் போகலை?"



அறவாழி எழுந்து பாடக் கூடத்துக்குப் போனார். முன்வரிசையில் ஒரு பாய் விரித்தார்.

அதன் பக்கத்தில் இன்னொன்று, சின்னதாக.