கடைசி வரியின் கையெழுத்து

முன்னோர் சிறைபட்டுப் போன பாபிலோனிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிய யூதர்களில் மெசுல்லாம் என்றொருவன் இருந்தான். ஐம்பது வயதுக்கு மேல் எழுத்து வேலை கற்றுக்கொள்ள வந்தவன். அவனுக்கு ஆசானாக வாய்த்த பேராயா அவனைவிடப் பத்து வயது இளையவர்.

ஒருநாள் பேராயா பழைய தோல்சுருள் ஒன்றை அவனிடம் கொடுத்தார். இருநூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்த சம்மா என்ற தீர்க்கதரிசியின் வாக்குகள் அதில் இருந்தன. சுருள் மடிப்புக்கு மடிப்பு விரிசல் விட்டிருந்தது.

"இதைப் புதுத்தோலில் பிரதி எடும். முடிந்ததும் வழக்கப்படி பழையதை மண்ணில் புதைத்துவிடுவோம்" என்றார்.

மெசுல்லாம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அதன் கடைசி வரி அவனுக்கு மனப்பாடம். 'சிதறிப்போனவர்களை நான் திரும்பக் கொண்டுவருவேன், இடிந்த வீடுகளில் மறுபடி விளக்கெரியும்.' பாபிலோனில் யாரோ அதை வாசிக்கக் கேட்டுத்தான், வீட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு, வரமாட்டேன் என்ற தம்பியையும் இழுத்துக்கொண்டு நாலு மாதம் நடந்து வந்தான். தம்பி வழியிலேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் மெசுல்லாம் ஆசானிடம் வந்து நின்றான். சுருள் கையில் இருந்தது.

"ஐயா, இதில் மூன்று பேருடைய கையெழுத்து இருக்கிறது."

"ஆமாம்."

"முதலில் எழுதியவர் 'அழிக்க அசீரியன் வருவான்' என்று எழுதியிருக்கிறார். அடுத்தவர் அசீரியனைச் சுரண்டிவிட்டுப் பாபிலோனியன் என்று போட்டிருக்கிறார். அடியில் பழைய எழுத்து தெரிகிறது."

"அசீரியன் போய்விட்டான். பிறகு பாபிலோனியன் வந்தான். வாசித்தவருக்கு அப்படிப் புரிந்திருக்கிறது."

"அதுகூடப் போகட்டும். கடைசி வரி மூன்றாவது ஆளுடையது. மை இன்னும் மங்கவில்லை. முதலில் எழுதியவர் 'ஒருவனும் மிஞ்சமாட்டான்' என்பதோடு முடித்துவிட்டார்."

"முடித்துவிட்டார்."

"அப்படியானால் சம்மா சொன்னது அவ்வளவுதான். நான் முதல் கையெழுத்தை மட்டும் எழுதுகிறேன்."

"அது சம்மாவுடையது என்று உமக்கு யார் சொன்னது?"

மெசுல்லாம் சுருளின் முதல் வரியில் இருந்த சம்மாவின் பெயரைத் தொட்டுக் காட்டினான்.

"சம்மா கல் உடைத்துப் பிழைத்தவர்" என்றார் பேராயா. "எழுதத் தெரியாது. அவர் செத்து வெகுநாள் கழித்து, கேட்டவர்களிடம் கேட்டு யாரோ எழுதியது அது."

மெசுல்லாம் தரையில் உட்கார்ந்துவிட்டான். சுருளை மடியில் விரித்தான், சுருட்டினான், மறுபடி விரித்தான். எந்த எழுத்தைப் பார்த்தாலும் யாரோ அந்நியன் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"அந்த வரியை நான் விட்டுவிட்டால்?"

"பழைய சுருள் மண்ணுக்குள் போனபின் அப்படி ஒரு வரி இருந்ததே யாருக்கும் தெரியாது."

"எழுதினால்?"

"மூன்று கை இருந்தது தெரியாது. எல்லாம் உம்முடைய ஒரே கையாகிவிடும்."

மெசுல்லாம் கடைசி வரியின்மேல் விரலை வைத்தான்.

"இதை நம்பித்தான் என் தம்பியைப் பாதையோரம் புதைத்தேன். எழுதினது யார் என்றாவது தெரியுமா?"

"தெரியும். என் அப்பா."

மெசுல்லாம் நிமிர்ந்தான்.

"பாபிலோனில், கால்வாய்க்கரை வீட்டில் எழுதினார். எனக்குக் கல்யாணமான புதிது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்."

"அவராகச் சேர்த்தாரா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'என் காதில் விழுந்ததை எழுதினேன்' என்றார்."

"யார் சொல்லி விழுந்ததாம்?"

பேராயா அவன் மடியிலிருந்த சுருளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதையும் கேட்க வாயெடுத்தேன். அதற்குள், அப்பா வாசிக்கக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். கழுதைமேல் பாரம் ஏற்ற ஆள் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போய்விட்டேன்."