புற்றை வணங்கிய தலைவன்

ஆப்பிரிக்காவின் யொரூபா நாட்டுக் காட்டில், அலாபி என்னும் காட்டுப்பன்றி தன் கூட்டத்துக்குத் தலைவனாக விளங்கிற்று. அதன் மனைவி அபேனி நாள்தோறும் 'எஃபோ ரிரோ' சமைக்கும். பசுங்கீரையை மிளகாய் விழுதோடு செம்பனை எண்ணெயில் கிளறி, மீனும் நத்தையும் சேர்த்து இறக்கும் மணமிக்க குழம்பு அது.

பானை இறங்கியதும் அலாபி மூக்கை நுழைத்துவிடும். மீனையும் நத்தையையும் பொறுக்கித் தின்றுவிட்டு, "தழையெல்லாம் உங்களுக்கே!" என்று வீட்டாரிடம் பெருந்தன்மையோடு கூறும்.

ஓர் அந்தி வேளையில் கூட்டம் நீர் அருந்தப் புறப்பட்டது. வழியில் கரிய உருவம் ஒன்று நின்றது.

"யானைப் பெரியவரே, வணக்கம்!" அந்நாட்டு வழக்கப்படி அலாபி மண்ணில் நெடுங்கிடையாக விழுந்தது.

மரத்திலிருந்த குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "எழுந்திருங்கள் தலைவரே! கறையான் புற்று ஆசி வழங்காது!"

கிழப்பன்றி ஒன்று முன்வந்தது. "அந்தியில் கண் தெரியாதவர் பின்னே போனால், சிறுத்தையின் வாயில்தான் போய் நிற்போம். வேறு தலைவரைத் தேடுவோம்!"

"அடுத்த பௌர்ணமி வரை பொறுங்கள். அப்போதும் தடுமாறினால் நானே விலகுகிறேன்" என்று வேண்டியது அலாபி.

வீடு திரும்பியதும் மனைவியிடம் புலம்பிற்று. "இருவரும் ஒரே பானையில்தானே உண்கிறோம்? உன் கண் மட்டும் எப்படித் தெளிவாக இருக்கிறது?"

"பானைதான் ஒன்று! மீன் உங்கள் வாய்க்கு, கீரை எங்கள் வாய்க்கு. கண்ணுக்கு ஒளியும் உடலுக்கு உரமும் தருவது அந்தக் கீரையும் செவ்வெண்ணெயும் அல்லவா? ஆண்டவன் அள்ளித் தந்ததை நீங்கள்தானே ஒதுக்கினீர்கள்!"

அலாபி தலைகுனிந்தது. அன்றே கீரையை வாயிலிட்டது. முதல் கவளத்தில் முகம் சுளித்தது. சில நாளில் பானையையே நக்கியது!

பௌர்ணமி நெருங்கிய ஓர் அந்தியில், கூட்டம் மீண்டும் அதே வழியில் சென்றது. புற்றைக் கண்டதும் அலாபி சட்டென்று நின்றது.

"என்ன தலைவரே, இன்று புற்றுக்கு வணக்கம் கிடையாதா?" குரங்கு கேலி செய்தது.

"இன்று புற்றுக்கு வால் முளைத்திருக்கிறதே! ஓடுங்கள்!"

புற்றின் பின்னே பதுங்கியிருந்த சிறுத்தை பாய்வதற்குள் கூட்டம் முழுவதும் ஓடித் தப்பியது. மூச்சு வாங்கியபடி கிழப்பன்றி, தலைவன் முன் நெடுங்கிடையாக விழுந்தது.

அலாபி சிரித்தது. "எழுந்திரும் ஐயா! கீரை ஆறிவிடும், வாரும், உண்போம்!"

நாவுக்கு இனியதை மட்டும் பொறுக்கிக்கொண்டு நலம் தருவதை ஒதுக்குபவன், இறைவன் இட்ட விருந்தில் மேலான பங்கை இழக்கிறான்.