பூங்கோதை டீச்சர் கேட்ட பீஸு

உக்காருங்கப்பா, உக்காருங்க. பேச்ச நிறுத்துங்க. முறுக்கு வச்சிருக்கிறவங்க வாயில ஊறவச்சுத் தின்னுங்க. கடக் முடக்னு சத்தம் வந்துச்சு, நான் எந்திரிச்சுப் போயிடுவேன்.

"சாமி, எவ்வளவு பீஸு வச்சா சரியா இருக்கும்?"

கேட்டது பூங்கோதை டீச்சர். ஐம்பது வயசத் தாண்டியாச்சு. மடத்துச் சாமிக்கு முப்பத்தஞ்சு இருந்தா அதிகம். ஆனாலும் டீச்சருக்கு அவருதான் குரு. மனசு சரியில்லேன்னா பஸ் ஏறி வந்துடும்.

"எதுக்கும்மா பீஸு?"

சாமி பேசுனா பாதித் தூக்கத்துல பேசுற மாதிரியே இருக்கும். நானும் அப்படியே இழுத்துப் பேசிக்காட்டுறேன். நீங்க தூங்கிடாதீங்க.

"புள்ளைங்களுக்குக் கதை எழுதச் சொல்லிக்குடுக்கிறேன் சாமி. மொதல்ல மாசம் முந்நூறு ரூபான்னு போட்டேன். ஈ காக்கா வரல."

"அப்புறம்?"

"மூவாயிரம்னு போட்டேன். தெருவுல கார் நிறுத்த எடமில்ல."

சாமி சிரிச்சாரு. டீச்சர் சிரிக்கல.

"காசு கட்டுனவங்க சும்மா விடுவாங்களா? 'மேடம், ஆதவ் வந்து நாலு மாசமாச்சு, இன்னும் ஒரு புக்குகூடப் போடலியே மேடம்'..."

டீச்சர் அந்தப் பையனோட அம்மா மாதிரியே மூக்கால பேசிக்காட்டுச்சு. எனக்கு அவ்வளவு மூக்கு வராது.

"ஒவ்வொரு புள்ளையையும் வாசிக்க வச்சு, வீடியோ எடுத்து, அம்மாமாருக்கு அனுப்பணும் சாமி. பொழுது அதுலயே போயிடுது."

"நல்லாத்தானம்மா போகுது. பின்ன என்ன?"

டீச்சர், முந்தானைக்குப் பின்னால நின்ன ஒரு சின்னப் பொண்ண முன்னால இழுத்து விட்டுச்சு.

"இது ரூபிகா. எங்க தெரு இஸ்திரிக்கடைக்காரர் மக. கிளாஸ் கீஸ் எதுவும் இல்லாதப்பவே எங்க மொட்டை மாடியில உக்காந்து எழுதிக்கிட்டிருக்கும். அதப் படிச்சுத்தான் சாமி எனக்கு கிளாஸ் எடுக்கணும்கிற ஆசையே வந்துச்சு."

"ம்."

"மூவாயிரத்துக்கு இவங்கப்பா எங்க போவாரு? உனக்கு மட்டும் சும்மா, வந்து உக்காருன்னேன். வருது. உக்காருது. பென்சிலத் தொடமாட்டேங்குது. ஒரு வரி எழுதல."

டீச்சர் அந்தப் பொண்ணு தலையத் தடவிக்குடுத்துச்சு.

"ஓசியில வர்றோம்னு கூச்சமோ என்னமோ. இதுக்கும் ஒரு பத்து ரூபா போடட்டுமா? இல்ல, எல்லாருக்கும் பீஸ எடுத்துடட்டுமா? எவ்வளவு வச்சா சாமி, இது மறுபடி எழுதும்?"

சாமி எந்திரிச்சு வந்தாரு. அந்தப் பொண்ணுக்கு முன்னால வெறுந்தரையில சம்மணம் போட்டு உக்காந்தாரு.

"உன் கதையில யாரும்மா இருக்கா?"

பொண்ணு டீச்சரப் பாத்துச்சு. சாமியப் பாத்துச்சு. சாமி அவசரப்படல.

"ஒரு ஆடு."

"எங்க இருக்கு?"

"லிஃப்டுக்குள்ள."

"அடடே. எந்த மாடிக்குப் போகணுமாம்?"

"அதுக்கே தெரியல. யாராச்சும் வந்தா சொல்லலாம்னு நிக்குது."

"வந்தாங்களா?"

"வர்றாங்க. அவங்கவங்க பட்டன அமுக்குறாங்க. எறங்கிப் போயிடுறாங்க."

"ஆடு என்ன பண்ணுது?"

"இன்னும் கொஞ்சம் ஓரமா நின்னுக்குது."

சாமி தாடையில கைய வச்சுக்கிட்டு அப்படியே இருந்தாரு. மேல சொல்லுன்னும் சொல்லல, நல்லாயிருக்குன்னும் சொல்லல.

டீச்சருக்குத்தான் தாங்கல.

"இவ்வளவு கதைய உள்ள வச்சிக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடி? ஊரெல்லாம் மூவாயிரம் கேக்குறவ, உங்கிட்ட ஒத்த ரூபா கேட்டனா?"

ரூபிகா நிமிந்து பாத்துச்சு.

"கேக்கல டீச்சர். கதையும் கேக்கல."