ரோஜாப் புதருக்கு ஒரு போர்வை

மலையுச்சிச் சோலைக்காட்டின் ஓரத்தில் ஆளில்லாத பங்களா ஒன்று இருந்தது. அதன் முற்றத்தில் ஐந்து ரோஜாச் செடிகள் கவனிப்பாரில்லாமல் வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிப் பெரும் புதராகியிருந்தன. அந்தப் புதருக்குள் ஒரு முயல் குடியிருந்தது.

முயல் கீழ்க்காட்டிலிருந்து வந்தது. வயிற்றில் குட்டிகள். சுற்றிலும் முள் இருக்கும் இதைவிட நல்ல வீடு எங்கே கிடைக்கும் என்று அது நினைத்தது.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒரு காட்டுப்பூனை வந்தது. புதருக்குள் மூக்கை நுழைத்தது. முள் குத்தியது. பின்வாங்கி உட்கார்ந்து மூக்கை நக்கிக்கொண்டது.

"இந்தப் பக்கத்துக்குப் புதுசா?" என்றது பூனை.

"ஆமா. ஏன் கேக்கிறீங்க?"

"அப்போ நீ உறைபனி பார்த்திருக்க மாட்டே! கார்த்திகையில வரும். அது விழுந்தா இந்த இலையெல்லாம் கருகிக் கொட்டிடும். தண்டு காஞ்சு மளுக்குன்னு ஒடியும். எனக்கொண்ணும் அவசரமில்லை, தங்கச்சி. குட்டி பிறக்கட்டும், வர்றேன்!"

பூனை போனதும் முயலுக்குப் பயம் வந்தது. பயத்தோடு ஒரு கேள்வியும் வந்தது. பனி என்பது தண்ணீர்தானே? தண்ணீர் எப்படி இலையைக் கருக்கும்?

முற்றத்து நாவல் மரத்தில் ஒரு கருங்குரங்கு இருந்தது. முயல் அதனிடம் போய்க் கேட்டது.

"ரோஜாவைப் பத்தியா? சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கே!" என்றது குரங்கு. "இங்கே தோட்டக்காரர் இருந்தப்போ மூணு வருஷம் இதே கிளையில உட்கார்ந்து பார்த்தவன் நான்!"

"குளிருக்கு அவர் என்ன செய்வார், அண்ணே?"

"கத்தரி எடுப்பார். கிளையெல்லாம் ஒட்ட வெட்டுவார். அடியில சாணம் போடுவார். பதினஞ்சே நாள்ல செடி தளதளன்னு ஆயிடும்!"

"பனிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

குரங்கு தலையைச் சொறிந்தது. "குளிர்காலத்துலதான். அது நல்லா ஞாபகம் இருக்கு."

"ஏன் வெட்டினார்?"

"அது அவருக்கில்ல தெரியும்! அவர் செஞ்சார், நான் பார்த்தேன். நீ என்ன, பள்ளிக்கூடமா நடத்துறே?"

முயல் கொஞ்ச நேரம் யோசித்தது. "சரி, ஓரத்துச் செடி ஒண்ணுல மட்டும் செஞ்சு பாக்கிறேன்."

"ஒண்ணுலயா? என்மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இருக்கு அண்ணே. ஆனா வீடும் ஒண்ணுதான் இருக்கு!"

முயல் பல்லால் ஓரத்துச் செடியின் கிளைகளைக் கடித்து வெட்டியது. காட்டெருமைச் சாணத்தை உருட்டி வந்து அடியில் போட்டது. பதினைந்து நாளில் குச்சியெங்கும் செந்துளிர்! குரங்கு மரத்துக்கு மரம் தாவிப் பெருமை பேசியது. அந்த வாரமே முயலுக்கு மூன்று குட்டிகள் பிறந்தன.

கார்த்திகையில் ஒரு காலை. முயல் வெளியே வந்து பார்த்தால் முற்றம் முழுக்க உப்பு கொட்டியதுபோல் வெள்ளை! நாக்கால் தொட்டது. சுருக்கென்றது. வெயில் ஏறியதும் வெள்ளை மறைந்தது. கூடவே செந்துளிர்களும் கறுத்தன. உச்சிவேளைக்கு வெந்த கீரைபோல் தொங்கின. வெட்டாத நாலு செடிகளில் நுனி இலைகள் மட்டும் கருகியிருந்தன.

அன்று மாலையே பூனை வந்தது. மொட்டையாக நின்ற ஓரத்துச் செடியைத் தாண்டி உள்ளே பாய்ந்தது! முயல் பின்னங்கால்களால் அதன் முகத்தில் ஓங்கி உதைத்தது. பூனையின் நகம் முயலின் இடது காதைக் கிழித்தது. அதற்குள் குட்டிகள் நடுப்புதருக்குள் புகுந்துவிட்டன. அங்கே முள் அடர்த்தி.

"இன்னும் நாலு செடிதானே?" என்று சீறியது பூனை. "மார்கழிப் பனி வருது. நானும் வருவேன்!"

குரங்கு கீழே இறங்கி வந்தது. கிழிந்த காதைப் பார்த்தது.

"என் பேச்சைக் கேட்டதால வந்த வினை" என்றது.

"நீங்க பொய் சொல்லலை, அண்ணே. பாதி சொன்னீங்க. வாங்க, மீதியைத் தேடுவோம்!"

முயல் ஒரு பழைய இலையைக் கடித்தது. தோல்போல் இருந்தது. கருகிய துளிரைக் கடித்தது. முழுக்கத் தண்ணீர்! இளசுதான் முதலில் கருகும் என்று அதற்குப் புரிந்தது.

மறுநாள் காலை முற்றத்தைச் சுற்றி வந்தது. எங்கும் வெள்ளை. ஆனால் நாவல் மரத்தடியில் புல் பச்சை. கவிழ்ந்து கிடந்த உடைந்த பிரம்பு நாற்காலிக்கு அடியிலும் பச்சை!

"அண்ணே, வானம் தெரியிற இடத்துல எல்லாம் பனி இருக்கு. மறைஞ்ச இடத்துல இல்லை. அது ஏன்னு எனக்குத் தெரியலை. ஆனா புதருக்கு ஒரு கூரை வேணும்!"

குரங்கு தன் தலையில் அடித்துக்கொண்டது. "அடடா! அந்தத் தோட்டக்காரர் மிலாறுக் குச்சியும் தழையும் வெட்டிவந்து செடிமேல போடுவாரே! செடிக்குப் போர்வை போடுற பைத்தியம்னு நான் சிரிச்சுட்டு மறந்தே போயிட்டேன்!"

இருவரும் வேலையில் இறங்கினார்கள். முயல் பெரணித் தழையைக் கடித்து வெட்டியது. குரங்கு அதைத் தூக்கிப் புதர்மேல் பரப்பியது. ஓரத்துச் செடியிலிருந்து முன்பு வெட்டிப்போட்ட முள்கிளைகளை இடைவெளியில் அடைத்தார்கள். முயல் காலால் மண்ணைப் பறித்துச் செடிகளின் அடியில் குவித்தது. கருகிய செடிக்கும் குவித்தது.

"செத்த செடிக்கு எதுக்கு மண்ணு?"

"மேலே செத்திருக்கு. கீழேயும் செத்துப்போச்சுன்னு நமக்குத் தெரியுமா?"

"சரிதான். கிழக்குப் பக்கம் மட்டும் தழையால மூடாதே. அவர் மூடமாட்டார்" என்றது குரங்கு. முயல் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தியது. "இரு, இரு! நானே யோசிக்கிறேன்... காலை வெயில் உள்ளே போகணும். இல்லைன்னா ஈரத்துல இலை அழுகிடும்!"

முயல் சிரித்தது.

மார்கழியில் பனி கொட்டியது. முற்றத்துத் தொட்டியில் கிடந்த தண்ணீர்கூடக் கல்லாக உறைந்தது. விடிந்ததும் பூனை ஆசையோடு வந்தது. புதர் உச்சி வெள்ளையாக இருந்தது. தழைக்கு அடியில் இலைகள் பச்சை. இடைவெளி இருந்த இடத்தில் முள். மூன்று முறை சுற்றியது.

"இந்த இலைமேல மட்டும் பனி விழலையா?" என்றது எரிச்சலோடு.

"விழுந்துச்சே! கூரைமேல!" என்று கத்தியது குரங்கு.

பூனை வெறும் வயிற்றோடு பள்ளத்தில் இறங்கிப் போனது. பிறகு வரவேயில்லை.

மாசியில் குளிர் விட்டது. குட்டிகள் தாயளவு வளர்ந்து ஒவ்வொன்றாகக் காட்டுக்குள் ஓடின. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முயல் மட்டும் வாசலில் நின்று, கடைசிக் குட்டியின் வால் மறையும்வரை பார்த்தது. பிறகு தழையை விலக்கி, மண்குவியலைக் கிளறியது. செத்ததாக நினைத்த செடியின் அடியிலிருந்து விரல்நீளச் செந்துளிர் ஒன்று எட்டிப் பார்த்தது!

"இப்போ மத்த செடியை வெட்டலாம்" என்றது குரங்கு மெதுவாக. "பனி போயிடுச்சு. இனிமே வர்ற துளிர் பிழைக்கும்."

முயல் தலையாட்டிவிட்டு முதல் கிளையில் பல்லை வைத்தது.

ஒருவர் செய்வதைப் பார்த்து மட்டும் செய்பவர் பாதிதான் கற்கிறார். அதை எப்போது, ஏன் செய்தார் என்று தேடுபவரே முழுவதும் கற்கிறார்.