பந்தியில் தொலைந்த ரிடெய்னர்

பல் சீரமைப்பு மேற்படிப்புக்கு வந்து சேர்ந்தபோது சங்கரபாண்டியனுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அதற்கு முன் ராணுவத்தில் பல் மருத்துவராக இருந்தவர். குருவாக வாய்த்த டாக்டர் ஹெப்சிபா அவரைவிட வயதில் இளையவர். அவர் இவரை சார் என்பார், இவர் அவரை மேடம் என்பார். ஆனால் ஒரு சந்தேகம் வந்துவிட்டால் சங்கரபாண்டியன் கைகட்டி நிற்பது அவர் மேசை முன்னால்தான்.

சங்கரபாண்டியனின் கைவேலை சுத்தம். அவர் வளைத்த கம்பியை மறுபடி வளைக்க வேண்டியிருக்காது. ஆனாலும் அவரிடம் வரும் நோயாளிகள் பாதியிலேயே நின்றுவிடுவார்கள்.

ஒருநாள் இசக்கியம்மாள் என்கிற கல்லூரி மாணவி வந்தாள். அவரிடமே பல்லில் கிளிப் போட்டு, ஒன்றரை வருடம் பொறுத்திருந்து, கழற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கம்பியைக் கழற்றியதும் பல் பழைய இடத்துக்கே ஓடப் பார்க்கும். ஓடாமல் இருக்க, கண்ணாடி போல ஒரு மெல்லிய தட்டைப் பல்லில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் ரிடெய்னர். அவள் அதைத் தொலைத்துவிட்டு வந்திருந்தாள்.

"எங்க தொலைச்சீங்க?"

"கல்யாண வீட்டுல சார். சாப்பிடும்போது கழட்டி, டிஷ்யூ பேப்பர்ல சுத்தி, இலைக்குப் பக்கத்துல வச்சேன்."

"இலையோட போயிருச்சு."

அவள் தலையாட்டினாள்.

"டப்பா கொடுத்திருந்தேனே?"

"வீட்டுல இருக்கு சார்."

"வீட்டுல வச்சுக் கும்பிடவா கொடுத்தேன்? காதுல கிடக்கிற கம்மலைக் கழட்டி இலையில வச்சு மூடுவீங்களா?"

பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் கையால் வாயை மூடிக்கொண்டாள். புது ரிடெய்னருக்குப் பல் அச்சு எடுக்க வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். வெள்ளிக்கிழமையும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

சங்கரபாண்டியன் ஹெப்சிபாவின் அறைக்குப் போனார்.

"நான் சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்ல மேடம். அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். பிறகு ஏன் என்கிட்ட மட்டும் வர மாட்டேங்கிறாங்க?"

ஹெப்சிபா கை கழுவிக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு நோயாளி நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க சார்."

"நானா?"

"நீங்கதான். வாயைத் திறங்க."

திறந்தார். விளக்கைச் சரித்துக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார் ஹெப்சிபா.

"கீழ்ப்பல் ரெண்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதே. எத்தனை வருஷமா?"

"சின்ன வயசுல இருந்தே மேடம்."

"சரி பண்ணிருவோமா?"

சிரித்துக்கொண்டு கேட்டாரே தவிர அது விளையாட்டுக் கேள்வி இல்லை. அடுத்த வாரம் சங்கரபாண்டியனின் பல்லில் கிளிப் ஏறியது.

வீட்டில் மனைவி சொர்ணம் கதவைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"மகளுக்குப் போட வேண்டியதை நீங்க போட்டுக்கிட்டு வந்து நிக்கீங்களே!"

முதல் மூன்று நாள் அவரால் இட்லியைக்கூடக் கடிக்க முடியவில்லை. தயிர்ச் சோற்றைக் கரைத்துக் குடித்தார். 'ரெண்டு நாளைக்கு லேசா வலிக்கும், அவ்வளவுதான்' என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பியவர் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பியின் முனை கன்னத்தில் குத்தியது. குத்தாமல் இருக்க அதன் மேல் மெழுகை உருட்டி வைத்தார், விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடியும் விழுந்தது. மறுநாள் ஹெப்சிபா அந்த முனையை நறுக்கிவிட்டுச் சொன்னார்:

"எச்சில் ஈரத்துல மெழுகு நிக்காது சார். துடைச்சுட்டு வைக்கணும்."

சங்கரபாண்டியன் அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. மெழுகு டப்பாவைக் கையில் கொடுத்து அனுப்பியதோடு சரி.

கீரை சாப்பிட்டுவிட்டு இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கப் போனார். முதல் வரிசையில் இருந்த மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து சட்டைப் பையில் சின்ன பிரஷ் ஒன்று இருந்தது, பல்லுக்கும் கம்பிக்கும் நடுவே நுழைகிற பிரஷ். சாப்பிட்டதும் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வோர் இடுக்காகத் தேய்ப்பார். சலித்துப் போகும். அப்போதும் தேய்ப்பார்.

தீபாவளிக்கு மறுநாள் காகிதத்தில் எதையோ மடித்துக்கொண்டு ஹெப்சிபா முன்னால் வந்து நின்றார். பல்லில் ஒட்டியிருந்த கிளிப் ஒன்று பெயர்ந்து வந்திருந்தது.

"முறுக்கா, தட்டையா?" என்று கேட்டார் ஹெப்சிபா.

"முறுக்கு."

"யார் சுட்டது?"

"வீட்டுலதான் மேடம்."

"நல்லா இருந்துச்சா?"

சங்கரபாண்டியனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

"அப்ப எனக்கும் கொஞ்சம் கொண்டு வந்திருக்கலாமே," என்றபடியே புதுக் கிளிப்பை ஒட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு கம்பி கழற்றுகிற வரைக்கும் சங்கரபாண்டியன் முறுக்கைத் தொடவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கம்பி கழற்றிய அன்று அவர் நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டே இருந்தார். ஈரப் பளிங்கைத் தடவுவது போல இருந்தது. ஹெப்சிபா அச்சு எடுத்து, ரிடெய்னர் செய்து, டப்பாவில் வைத்துக் கொடுத்தார்.

"சாப்பிடும்போது கழட்டணும். பச்சைத் தண்ணியில கழுவணும். வெந்நீர் பட்டா நெளிஞ்சு போகும். வெளியே எடுத்தா டப்பாவுக்குள்ள இருக்கணும்."

"தெரியும் மேடம்."

"தெரியும்னு எனக்கும் தெரியும். சொல்றது என் கடமை."

அதற்கடுத்த மாதம் பாளையங்கோட்டையில் அவருடைய பழைய சிநேகிதர் வீட்டுக் கல்யாணம். சொர்ணம் எடுத்துக் கொடுத்த பட்டு ஜிப்பாவில் பை இல்லை. டப்பா காரிலேயே இருந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்ததும் ரிடெய்னரைக் கழற்றினார். வேறு வழி தெரியாமல் டிஷ்யூவில் சுற்றி இலை ஓரமாக வைத்தார். அப்படி வைத்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். இருந்தும் வைத்தார். பக்கத்தில், ராணுவத்தில் அவரோடு வேலை பார்த்தவர் உட்கார்ந்திருந்தார். பேச்சு பேச்சாக இருக்க, பாயசம் இரண்டு தடவை வந்தது.

கை கழுவி, பீடாவை வாயில் போடும்போதுதான் நாக்கு வெறும் பல்லில் பட்டது.

திரும்பி ஓடினார். மேசையில் விரித்த காகிதத்தோடு இலைகளைச் சுருட்டி எடுத்துப் போயிருந்தார்கள். மண்டபத்துக்குப் பின்னால் குவியலாகக் கிடந்தது. பட்டு ஜிப்பாவோடு குனிந்து, ஒரு குச்சியால் கிளறினார். இலை எடுக்கிற அம்மா வந்தார்.

"என்னத்த சார் தேடுதீய?"

"ஒண்ணுமில்லம்மா."

"மோதிரமா? சங்கிலியா?"

"அதெல்லாம் இல்ல."

"சொன்னாத்தான சார் சேந்து தேட முடியும்."

அவர் கிளறிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா குரலைத் தணித்துக்கொண்டார்.

"பல் செட்டா? கூச்சப்படாதீய. போன முகூர்த்தத்துல ஒரு அண்ணாச்சி தொலைச்சுட்டு நின்னாரு. நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."

சங்கரபாண்டியன் குச்சியைக் கீழே போட்டார்.

"இல்லம்மா. சும்மாதான் பார்த்தேன்."

காருக்குப் போய் உட்கார்ந்தார். முன் கண்ணாடிக்குக் கீழே காலி டப்பா இருந்தது.

மறுநாள் காலை ஹெப்சிபாவிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனார். அவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். கல்யாணம் எப்படி?"

"நல்லா நடந்துச்சு மேடம்."

"சாப்பாடு?"

"பாயசம் ரெண்டு தடவை சாப்பிட்டேன்."

ஹெப்சிபா இரண்டு சுளையை நீட்டினார். வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. வேறு யாரிடமாவது அச்சு எடுக்கச் சொல்லலாம். சொன்னால் மத்தியானத்துக்குள் துறை முழுக்கத் தெரிந்துவிடும்.

உதட்டை அதிகம் பிரிக்காமல் பேசப் பழகினார். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நாள் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் பல் தேய்க்கும்போது கீழ்ப்பல் ஒன்றின் ஓரம் நாக்கில் தட்டியது. முந்தின நாள் அப்படித் தட்டவில்லை. பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று துறைக்குப் போனதும் பழைய கோப்பில் இசக்கியம்மாளின் எண்ணைத் தேடி எடுத்தார்.

"நான் டாக்டர் சங்கரபாண்டியன் பேசுறேன்மா."

எதிர்முனையில் அவசரமாக ஒரு குரல்:

"சார், வரணும்னுதான் சார் இருந்தேன். பரீட்சை, பிறகு வேலைக்குச் சேர்ந்துட்டேன்..."

"உன்னைத் திட்டக் கூப்பிடல. ஒரு விஷயம் கேட்கணும். அன்னைக்கு இலைக் குப்பையில போய்த் தேடினியா?"

"தேடினேன் சார்."

"என்ன தேடுறேன்னு யாராவது கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன் சார். வெட்கமா இருந்துச்சு."

சங்கரபாண்டியன் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நானும் அதையேதான்மா சொன்னேன்."

"சார்?"

"பாளையங்கோட்டையில. பட்டு ஜிப்பாவோட."

அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி சிரித்தாள். அவரும் சிரித்தார்.

சனிக்கிழமை வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் கை வாயை மறைத்தே இருந்தது. சங்கரபாண்டியன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையை எடு என்று சொல்லவில்லை. வேலை எப்படி, சாப்பாட்டுக்கு எங்கே போகிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்கிற வாக்கில் கை தானாக இறங்கியது. முன்பல் இரண்டும் மறுபடி ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"ரொம்ப மோசமா சார்?"

"கொஞ்சம் நகர்ந்திருக்கு. சரி பண்ணிரலாம். ஆனா கொஞ்ச நாளைக்குத் திரும்பக் கம்பி போடணும்."

"வலிக்குமா சார்?"

"வலிக்கும். மூணு நாளைக்கு இட்லிகூட இறங்காது. தயிர்ச் சோத்தைக் கரைச்சுக் குடி. மெழுகு வைக்கிறதுக்கு முன்னால ஈரத்தைத் துடைச்சுரு, இல்லன்னா நிக்காது."

"இதெல்லாம் அப்ப நீங்க சொல்லவே இல்லையே சார்."

"அப்ப எனக்குத் தெரியாது."

அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு சிரித்தாள். எப்போது வர வேண்டும் என்று அவளே கேட்டுத் தெரிந்துகொண்டு போனாள்.

திரும்பிப் பார்த்தால் கதவோரம் ஹெப்சிபா நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"அவங்க எழுந்த இடத்துல நீங்க உட்காருங்க சார்."

சங்கரபாண்டியன் உட்கார்ந்தார். ஹெப்சிபா தம்முடைய மேசை டிராயரில் இருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே புது ரிடெய்னர் இருந்தது. பல்லில் வைத்து இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினார். உடனே படியவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் இறுக்கமாக உட்கார்ந்தது. கீழ்வரிசை முழுவதும் வலித்தது. அந்த வலி அவருக்கு நிம்மதியாக இருந்தது.

"தப்பிச்சீங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இது ஏறியிருக்காது."

"எப்ப செஞ்சீங்க மேடம்?"

"கல்யாணத்துக்கு மறுநாள். உங்க அச்சு இங்கதானே இருந்துச்சு."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?"

"பாயசம் ரெண்டு தடவை சாப்பிட்டேன்னு சொன்னீங்க. உதட்டைப் பிரிக்காம சொன்னீங்க."

சங்கரபாண்டியன் காலி டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இத்தனை நாளும் டிராயருக்குள்ளேயே வச்சிருந்தீங்களா?"

"பூட்டாமத்தான் வச்சிருந்தேன்."

"பல்லு திரும்பப் போயிருந்தா என்ன மேடம் பண்ணியிருப்பீங்க? உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருந்துச்சு. தினமும் நீங்க பேசும்போது உங்க கீழ்ப்பல்லைத்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேட்கல?"

ஹெப்சிபா கையுறையைக் கழற்றினார். விளக்கை அணைத்து, நாற்காலியை நிமிர்த்திவிட்டார்.

"பல்லை நகர்த்தத்தான் சார் இழுக்கணும். நகர்ந்து வந்த பல்லை யாரும் இழுக்க வேண்டாம். ரிடெய்னர் மாதிரி பக்கத்துல இருந்தாப் போதும்."