ஆறு மடிப்பும் ஒரு போர்வையும்

தாழையூர்ச் சீமையை அந்தக் காலத்தில் பரிதிவேல் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள். ராஜாக்கள் இருந்த காலம், அவ்வளவுதான். நல்ல மனுஷர். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. யானைக்குப் பல் கெட்டுவிடும் என்று கரும்பை நிறுத்துவார். சாயங்காலமே யானை ஏன் வாடிப்போயிருக்கிறது என்று பாகனைத் திட்டுவார்.

அவருக்கு ஒரே மகள், வஞ்சிக்கொடி. அவளுக்கு ஏழு வயதிலேயே தாய் கோமளவல்லி ராணி கண்ணை மூடிவிட்டாள். இப்போது பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊரோ மலைநாடு, குளிர் எலும்பைக் குடையும். ராணியின் பழைய புடவைகளை வெட்டி, ஒட்டுப்போர்வை தைத்து மகளோடு அனுப்ப ராஜா ஆசைப்பட்டார். ராணி காலத்திலிருந்தே அரண்மனைக்குத் தைக்கிற பூவாயியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

போர்வையின் அடித்துணிக்கும் கரைக்கும் புதுச் சிவப்புத் துணி வாங்கி வந்திருந்தான் மகுடபதி. உடுப்பு அறைக்கு அவன்தான் அதிகாரி. ராணி எதற்கெடுத்தாலும் தன்னை விட்டுவிட்டுப் பூவாயியையே கேட்பாள் என்ற எரிச்சல் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

பூவாயி சிவப்புத் துணியை விரலால் கசக்கிப் பார்த்தாள். "மகாராஜா, தைக்கும் முன்னால் துவைத்துவிட வேண்டும். புதுத்துணி நனைந்தால் சுருங்கும், சாயமும் விடும்" என்றாள்.

ராஜாவின் முகம் சட்டென்று மாறியது. "ஒரு நூல்கூட நனையக் கூடாது" என்றார்.

ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. மகுடபதிக்கு விளங்கவும் வேண்டியதில்லை. "மகாராஜா சொன்னால் சரிதான். நான் வாங்கிய துணி சாயம் விடுமா? இவளுக்குத் தைக்கச் சோம்பல், அதனால் சாக்குச் சொல்கிறாள்" என்றான்.

"சோம்பல் இல்லை ஐயா. துவைக்காமல் தைத்தால் போர்வை பாழாகிவிடும்."

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படியானால் நாளைக்குச் சபையில் நிரூபி. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. முடியாவிட்டால் ஊசியை வைத்துவிட்டு ஊரை விட்டுப் போ."

தண்ணீர் இல்லாமல் சாயம் விடும் என்று எப்படிக் காட்டுவது? மகுடபதி அன்றைக்கு இரண்டு பங்கு பாயசம் சாப்பிட்டான். பூவாயிக்குச் சோறு இறங்கவில்லை. ஊரை விட்டுப் போவதுகூட அவளுக்குப் பெரிதில்லை. தாயின் புடவை அந்தப் பெண்ணின் கையில் பாழாகுமே என்பதுதான் வலித்தது.

மறுநாள் காலை வாசலில் அவளைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். கையில் ஒரு கைக்குட்டை மட்டும் இருந்தது. பாதி புதுச் சிவப்புத் துணி, பாதி ராணியின் சந்தன நிறப் புடவைத் துண்டு.

"இதைக் கையில் வைத்திருங்கள் மகாராஜா. ராணியம்மா பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொல்லலாமா?"

"சொல்."

"படுத்த படுக்கையாக இருந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். மகளுக்குப் பட்டுப்பாவாடை தைக்கச் சொன்னார்கள். வளர வளரப் பிரித்துவிட எத்தனை மடிப்பு வைக்கட்டும் என்று கேட்டேன். 'ஆறு வை பூவாயி, நான் இருக்க மாட்டேன்' என்றார்கள். வருஷத்துக்கு ஒன்றாக நான்தான் பிரித்தேன். ஆறும் தீர்ந்துபோச்சு மகாராஜா."

ராஜா கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. வெகுநேரம் கழித்து எடுத்தபோது சந்தனத் துண்டு முழுக்கச் சிவப்பு பரவியிருந்தது. ராஜாவின் இரண்டு கன்னத்திலும் சிவப்பு.

"வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவரவில்லை மகாராஜா" என்றாள் பூவாயி மெதுவாக. "இளவரசி புகுந்த வீட்டில் முதல் நாள் எதில் முகம் வைத்து அழுவாள்? அந்தப் போர்வையில்தானே."

ராஜா கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சின்னக் குரலில் சொன்னார்: "அவள் கடைசியாகக் கட்டிய புடவையைத் துவைக்காமல் பெட்டியில் வைத்திருக்கிறேன். அவள் வாசனை அதில் இருக்கிறது. துவைத்தால் போய்விடும்."

பூவாயிக்கு இப்போதுதான் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மற்றப் புடவைகள் ராணியம்மா எத்தனையோ தரம் துவைத்துக் கட்டியவைதான் மகாராஜா. அவை இனிமேல் சுருங்காது, சாயமும் போகாது. புதுத்துணியை மட்டும் அலசினால் போதும். அந்தக் கடைசிப் புடவையை நனைக்காமல் அப்படியே மடித்து, மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைத்துத் தைக்கிறேன். வாசனை உள்ளே இருக்கும். பிற்பாடு துவைப்பதா வேண்டாமா என்பதை மகளே முடிவு செய்யட்டும்."

ராஜா எழுந்துபோய்த் தானே பெட்டியைத் திறந்து புடவையை எடுத்து வந்தார். கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் கொடுத்துவிட்டார்.

"மகுடபதி, சாயம் விடாத துணி வாங்கினீரே, இனி அது சாயம் விடுவது நிற்கும் வரைக்கும் நீரே அலசும்" என்றார். ஏழு தண்ணீர் அலசியும் சிவப்பு நிற்கவில்லை, ஒன்பதாம் தண்ணீரில்தான் தெளிந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் மணப்பெண் கையை விட்டுவிட்டு மகுடபதியின் கையைத்தான் பார்த்தார்கள், மருதாணி அப்படிப் பிடித்திருந்தது. உடுப்பு அறைச் சாவியோ அன்றே பூவாயியின் இடுப்புக்கு வந்துவிட்டது.

அடுத்த வருஷம் மலைநாட்டிலிருந்து ஓலை வந்தது. ராஜா பூவாயியைக் கூப்பிட்டு, அவளுக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"அப்பா, உங்கள் பேத்தி போர்வையை நனைத்துவிட்டாள். வேறு வழியில்லாமல் துவைத்துவிட்டேன். சாயமும் போகவில்லை, சுருங்கவும் இல்லை. அம்மா வாசனைதான் போய்விட்டது. இப்போது முழுக்க இவள் வாசனை. வந்து மோந்து பாருங்கள்."

ராஜா அன்றைக்கே வண்டி கட்டச் சொன்னார். அந்த ஒரு தடவை, சாயங்காலம் ஆகியும் அவர் புத்தி மாறவில்லை.