நாற்பது பசுக்களின் வரவேற்பு

செங்கணூர் நாட்டை ஆண்ட வீரகேது மன்னருக்குச் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்தது.

"இந்தத் தயிர் எங்கிருந்து வருகிறது?"

"சமையற்கட்டிலிருந்து, மன்னா" என்றார் பெரிய அமைச்சர் திருவம்பலத்தார்.

"அதற்கு முன்னால்?"

அமைச்சர் சேனாதிபதியைப் பார்த்தார். சேனாதிபதி கூரையைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை.

"நாட்டை ஆள்கிற லட்சணம் இதுதானா? எல்லோரும் புறப்படுங்கள். கிராமத்தில் எப்படி உழைக்கிறார்கள், எப்படிப் பிழைக்கிறார்கள் என்று நேரில் பார்த்துவிட்டு வருவோம். மூன்றாம் நாள் ஆவாரங்குளத்துக்குப் பயணம்!"

ஊர்ப் பெயரைக் கேட்டதும் அமைச்சருக்கு வியர்த்துவிட்டது. ஆவாரங்குளத்தில் குளத்துக் கரை உடைந்து இரண்டு வருஷம் ஆகிறது. பயிர் போயிற்று, தீவனம் இல்லாமல் மாடுகளும் போயின. கரையைக் கட்ட மன்னர் கொடுத்த ஆட்களோ அமைச்சரின் மாளிகைத் தோட்டத்தில் அல்லிக்குளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த ஐப்பசி மழைக்குள் கரை எழாவிட்டால், மிச்சமிருக்கிற ஜனங்களும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அமைச்சர் சும்மா இருப்பாரா? பக்கத்து ஊரிலிருந்த தன் பண்ணையிலிருந்து நாற்பது கறவைப் பசுக்களை ஓட்டிவரச் சொல்லி, ஆவாரங்குளத்து வாசல்களில் கட்டவைத்தார். குளத்துப் பக்கம் போகிற பாதையைத் தோரணத்தால் மறைத்தார். "ராஜா என்ன கேட்டாலும், ஒரு குறையுமில்ல மகராசான்னு சொல்லணும். வேறு ஒரு வார்த்தை வந்துச்சோ, தொலைஞ்சீங்க!" என்று ஊரையே மிரட்டியும் வைத்தார்.

பரிவாரத்தோடு பிச்சாண்டியும் போனான். அரண்மனைக்கு வருமுன் மாடு மேய்த்தவன். இப்போது அவையில் வாயாடிக்கொண்டிருப்பவன்.

மன்னர் வாசல் வாசலாகப் பார்த்து மகிழ்ந்தார். சேனாதிபதிக்கும் ஒரு யோசனை தோன்றியது. "தினமும் எதற்குக் கறக்கிறார்கள்? மாதத்துக்கு ஒருநாள் மொத்தமாகக் கறந்தால் வேலை மிச்சமாகுமே!" என்றார். பிச்சாண்டி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

ஒரு வாசலில் நின்றிருந்த பெண்ணிடம் மன்னர் கேட்டார். "உன் பெயர் என்ன அம்மா?"

"ஒரு குறையுமில்ல மகராசா!"

"பெயரைக் கேட்டேன்."

"ஒரு குறையுமில்ல மகராசா!"

பக்கத்தில் இருந்தவர்தான், "அவ சடைச்சிங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்போது பசுக்கள் ஒன்று மாற்றி ஒன்று கத்த ஆரம்பித்தன.

"ஏன் கத்துகின்றன?"

"தங்களை வரவேற்கின்றன, மன்னா!" என்றார் அமைச்சர்.

பிச்சாண்டி சுற்றிலும் பார்த்தான். நாற்பது பசுக்களுக்கும் மடி கனத்துத் தொங்கியது. ஒரு கன்றைக்கூடக் காணோம். எந்தச் சுவரிலும் ஒரு வறட்டி இல்லை. எருக்குழியில் புல் முளைத்திருந்தது. அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஊரின் வாயைக் கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது கோபம் வந்தது. ஆனாலும் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

"மன்னா, கட்டிப்போட்ட மாட்டைப் பார்த்து என்ன புண்ணியம்? பொழுது சாய்கிற நேரத்தில் மாடுகள் வீடு திரும்புகிற அழகே அழகு. ஊருக்கு வெளியே மந்தைவெளியில் கொண்டுபோய் அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். அதது தன் வீட்டுக்குத் தானே போய்ச் சேரும்."

"ஆகா, கண்கொள்ளாக் காட்சியாக இருக்குமே!" என்று அமைச்சரே முந்திக்கொண்டு சொன்னார். பண்ணைதான் அவருடையது. தொழுவத்துப் பக்கம் அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. சடைச்சி மட்டும் முந்தானைக்குள் சிரித்தாள்.

மந்தைவெளியில் மாடுகளை அவிழ்த்தார்கள். அவ்வளவுதான்! ஒரு பசுகூட ஊர்ப் பக்கம் திரும்பவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு, தோரணத்தைப் பிய்த்துக்கொண்டு, நாற்பதும் எதிர்ப்பக்கம் ஓட்டமெடுத்தன.

"பிடியுங்கள்!" என்று அமைச்சர் அலறினார்.

"யாரும் தொடக்கூடாது. வீடு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம்" என்று சொல்லி மன்னர் குதிரையைத் தட்டினார்.

மாடுகள் குறுக்குவழியாகக் குளத்துக்குள் இறங்கின. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த தரையைக் கடந்து, உடைந்த கரையின் வழியாக வெளியேறின. மன்னர் அந்த உடைப்பருகே குதிரையை நிறுத்தினார். பின்னாலேயே ஊரும் ஓடிவந்தது.

"சடைச்சி, இப்போது சொல். ஊரில் குறை உண்டா?"

சடைச்சி அமைச்சரைப் பார்த்தாள். பிறகு மன்னரைப் பார்த்தாள்.

"ஒரே ஒரு குறைதான் மகராசா. குளத்துக்குக் கரை இல்ல."

கரை கட்டக் கொடுத்த ஆட்கள் அமைச்சரின் தோட்டத்தில் அல்லிக்குளம் வெட்டும் கதையையும் ஊரார் சொல்லக் கேட்டுக்கொண்டு, மன்னர் மாடுகளின் பின்னே போனார். அவை நேராக அமைச்சரின் பண்ணைக்குள் புகுந்தன. தொழுவத்தில் நாற்பது கன்றுகள் தாயைக் கண்டு துள்ளின.

"இது யார் பண்ணை?"

அமைச்சர் தலையைச் சொறிந்தார். "மன்னா, அது வந்து…"

"அவரைக் கோபிக்காதீர்கள், மன்னா" என்றான் பிச்சாண்டி. "பாவம், ஊருக்கெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்தார். மாட்டுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் நேரமில்லை."

மன்னருக்குக் கோபத்துக்கு நடுவிலும் சிரிப்பு வந்துவிட்டது. தன் சால்வையை எடுத்துப் பிச்சாண்டிக்குப் போர்த்தினார்.

"அல்லிக்குளம் வெட்டுகிற ஆட்கள் நாளைக்கே இங்கே வரட்டும். கரை எழும்வரை இந்தப் பசுக்களின் மோர் அவர்களுக்கு. நாற்பதையும் தினமும் ஆவாரங்குளத்து மந்தைக்கு ஓட்டிவந்து மேய்க்க வேண்டியது, அமைச்சரே, நீர்தான்!"

அமைச்சர் பதறிப்போனார். "மன்னா, எனக்கு மாடு மேய்க்கவே தெரியாதே! வழிகூடத் தெரியாதே!"

"கவலையை விடுங்கள், அமைச்சரே" என்றான் பிச்சாண்டி. "பொழுது சாய்ந்தால் மாடுகளே உங்களை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடும்."